கை கால் முடங்கினால் உத்தியோகமும் முடங்க வேண்டுமா?

மாதம் பிறந்தால் பாலுக்கு இவ்வளவு, மளிகைக்கு இவ்வளவு, வாடகைக்கு இவ்வளவு, பிள்ளைகளின் படிப்புக்கு இவ்வளவு என்று சம்பளத்தைப் பங்கு போடுவது நம் பொறுப்பு. அதில் நாம் கெட்டிக்காரிகள்தான். ஆனால் பங்கு போடுவதற்கு அந்தச் சம்பளமே வராமல் போனால்?

ஒரு விபத்து, ஒரு பக்கவாதம், மெல்ல மெல்ல மங்கும் கண் பார்வை... இவை யார் வீட்டுக் கதவையும் தட்டலாம். அப்படி ஒன்று வந்துவிட்டால் முதல் கவலை, 'உயிர் பிழைக்க வேண்டுமே' என்பது. பிழைத்த பிறகு வரும் அடுத்த கவலை, 'வேலை என்ன ஆகும்?' என்பதுதான். அநேக வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பதில் யாரும் தேடுவதே இல்லை. "கை வராதவருக்கு யார் சம்பளம் கொடுப்பாங்க? அவ்வளவுதான், தலையெழுத்து!" என்று தாங்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள்.

தலையெழுத்து அல்ல, சகோதரிகளே! இதற்கென்று நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. வக்கீலுக்குப் படித்தவர்கள்தான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. குடும்பம் நடத்துகிற நமக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தால், ஆபத்து நேரத்தில் பதறாமல் நிற்கலாம்.

சட்டம் பிறந்த கதை

உடல் குறையுள்ளவர்களுக்குச் சம வாய்ப்பும் பாதுகாப்பும் தருவதற்காகப் பாராளுமன்றம் முதன்முதலில் ஒரு முழுமையான சட்டம் செய்தது 1995-ல். அது 1996 பிப்ரவரி 7-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பிறகு ஐக்கிய நாடுகள் சபை 2006-ல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஓர் உலக உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. அதற்கு இந்தியா 2007 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. உலகத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டால் வீட்டில் அதை நிறைவேற்ற வேண்டும் அல்லவா? பழைய சட்டத்தை எடுத்துவிட்டு, 'மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016' என்ற புதுச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 2017 ஏப்ரல் 19 முதல் இதுதான் அமலில் இருக்கிறது.

பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தாம் இருந்தன. புதியதில் 21 வகைகள். கண், காது, கை கால் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். குள்ளத்தன்மை, தசைச் சிதைவு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய், பார்க்கின்சன்ஸ் என்ற நடுக்குவாதம், ஹீமோஃபிலியா, தலசீமியா, ஆசிட் வீச்சினால் உருக்குலைந்தவர்கள், தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்கள் என்று பட்டியல் நீளுகிறது.

முக்கியமான அந்தப் பிரிவு

இந்தச் சட்டத்தில் குடும்பப் பெண்கள் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டிய பிரிவு ஒன்று உண்டு. 20-வது பிரிவு, 4-வது உட்பிரிவு. அது சொல்வதை நம் பாஷையில் சொல்கிறேன்.

சர்க்கார் நிறுவனத்தில் வேலையில் இருக்கும்போது ஒருவருக்கு உடல் குறைபாடு ஏற்பட்டுவிட்டால், அதைக் காரணம் காட்டி அவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது. பதவியையும் குறைக்கக் கூடாது. முன்பு பார்த்த வேலையை அவரால் செய்ய முடியவில்லை என்றால், அதே சம்பள விகிதத்தில், அதே சலுகைகளுடன் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு வேலை காலியில்லை என்றால்? அவருக்காகக் கூடுதலாக ஒரு பணியிடத்தை உண்டாக்கி, பொருத்தமான வேலை கிடைக்கும் வரையிலோ, ஓய்வு பெறும் வயது வரையிலோ, எது முந்தியதோ அதுவரை வைத்திருக்கலாம். குறைபாட்டைக் காரணமாக்கிப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது என்பதும் இதே 20-வது பிரிவில்தான் இருக்கிறது.

சர்க்கார் நிறுவனம் என்றால் கலெக்டர் ஆபீஸும் தாலுகா ஆபீஸும் மட்டுமல்ல. நகராட்சி, பஞ்சாயத்து, அரசுக்குச் சொந்தமான கம்பெனிகள், சட்டத்தின் மூலம் அமைந்த கார்ப்பரேஷன்கள், அரசின் உதவி பெறும் அமைப்புகள் எல்லாம் இதில் அடக்கம். சில வகை வேலைகளுக்கு, அவற்றின் தன்மையைப் பார்த்து, அரசு அறிவிக்கை மூலம் விலக்குத் தரவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. சீருடைப் படைகளில் சில பதவிகளுக்கு 2021 ஆகஸ்டில் அப்படி விலக்குத் தந்திருக்கிறார்கள்.

"கையெழுத்துப் போட்டுடலாமா?"

என் நாத்தனாரின் கணவர் ஓர் அரசுத் துறையில் டிரைவர். ஐம்பத்தோரு வயதில் ஒரு நாள் விடியற்காலையில் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. உயிர் தப்பியதே பெரிய காரியம். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. ஆபீஸிலிருந்து ஒருவர் டைப் செய்த காகிதத்துடன் வந்துவிட்டார். உடல்நிலை காரணமாகத் தாமே விரும்பி ஓய்வு பெறுவதாக எழுதியிருந்தது.

"அவருக்கு நல்லதுக்குத்தாங்க சொல்றேன். இனிமே ஸ்டியரிங் பிடிக்க முடியுமா? பென்ஷனாவது ஒழுங்கா வரட்டும்" என்றாராம்.

நாத்தனார் எனக்குப் போன் செய்து, "ஏம்மா, இவரு இடது கையால கைநாட்டு வெக்கிறேங்கறாரு. போட்டுடலாமா?" என்று அழுதார். மூத்த பெண் காலேஜில், பையன் பதினொன்றாவதில். இன்னும் ஒன்பது வருஷ சர்வீஸ் பாக்கி.

"இப்ப எதுலயும் கையெழுத்து வேண்டாம் அக்கா. 'படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றோம்'னு காகிதத்தை வாங்கி மட்டும் வெச்சுக்குங்க" என்றேன். அதன் பிறகு, அண்ணனுடன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தொழிற்சங்கப் பெரியவர்தான் இந்தப் பிரிவை எங்களுக்கு எடுத்துச் சொன்னார். வீட்டிலேயே ஒரு மனு எழுதினோம். டாக்டர் சான்றிதழை இணைத்து, பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, 'வேறு வேலைக்கு மாற்றித் தரவும்' என்று கேட்டு, ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

உடனே எல்லாம் நடந்துவிடவில்லை. மெடிக்கல் போர்டுக்கு இரண்டு தடவை அலைச்சல். லீவு தீர்ந்து போய் மூன்று மாதம் சம்பளமில்லை. நாத்தனாரின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. ஐந்தாவது மாதம் ஆர்டர் வந்தது. பழைய ஃபைல்களைப் பராமரிக்கும் பிரிவில், அதே சம்பளத்தில் வேலை! இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். அந்த ஒரு காகிதத்தில் கையெழுத்து விழுந்திருந்தால், ஒன்பது வருஷச் சம்பளமும் போய், பென்ஷன் தொகையும் குறைந்திருக்கும்.

கோர்ட்டுகள் சொன்னது

"பென்ஷன் வருகிறதே, அப்புறம் வேலை எதற்கு?" என்ற வாதம் புதிதல்ல. மத்திய அரசின் பாதுகாப்புப் படை ஒன்றில் கான்ஸ்டபிளாக இருந்த குணால் சிங் என்பவருக்குப் பணியின்போது காயம் ஏற்பட்டு, இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று. வேலைக்கு லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஹைகோர்ட்டில் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. சுப்ரீம் கோர்ட் 2003 பிப்ரவரியில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. உடல் தகுதியின்மைக்கான பென்ஷன் கிடைக்கிறது என்பதற்காகச் சட்டம் தந்த வேலைப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்று தெளிவாக எழுதினார்கள். அது பழைய சட்டத்தின் 47-வது பிரிவு. அதே பாதுகாப்புத்தான் இன்று 20-வது பிரிவில் இருக்கிறது.

சமீபத்தில் இன்னொன்று. தெலங்கானா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 2014-ல் பஸ் டிரைவராகச் சேர்ந்த ஒருவருக்கு நிறங்களைப் பிரித்தறியும் பார்வைக் குறை இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. வேறு வேலை கேட்டார்; கழகம் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட், அவருடைய நிலைக்கு ஏற்ற வேலையை அதே சம்பள நிலையில் 8 வாரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றும், நிலுவைச் சம்பளத்தில் 25 சதவீதம் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. மாற்று வேலை இருக்கிறதா என்று தேடிக்கூடப் பார்க்காமல் ஒருவரை அனுப்புவது சரியல்ல என்பதுதான் அதன் சாரம். தொழிற்சங்கத்துடன் 1979-ல் செய்துகொண்ட பழைய ஒப்பந்தம் ஒன்று அந்த டிரைவருக்குக் கைகொடுத்தது என்பதையும் கவனியுங்கள். பழைய காகிதம் என்று எதையும் அலட்சியம் செய்யக் கூடாது!

நியாயமான வசதி

சட்டத்தில் இன்னோர் அழகான விஷயம் உண்டு. அதற்கு 'நியாயமான வசதி செய்து தருதல்' என்று பொருள் சொல்லலாம். மாமியாருக்கு முட்டி வலி என்றால் என்ன செய்கிறோம்? பரணில் இருக்கும் டப்பாவைக் கீழ்த்தட்டுக்குக் கொண்டுவருகிறோம். பூஜை அறையில் ஒரு ஸ்டூல் போடுகிறோம். அவர் கோலம் போடுவதையும் பூஜை செய்வதையும் நிறுத்தச் சொல்வதில்லையே! அதேதான் ஆபீஸிலும். மாடியில் இருந்த நாற்காலியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவது, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் போடுவது, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவது எல்லாம் இந்த வகை.

நிறுவனத்துக்குத் தாங்க முடியாத பாரமாக இருக்கக் கூடாது என்பதுதான் இதற்கு எல்லை. 'முடியாது' என்று சும்மா கையை விரித்துவிட முடியாது. சர்க்கார் நிறுவனங்கள் இந்த வசதியைச் செய்து தர வேண்டும் என்று சட்டமே சொல்லுகிறது. 40 சதவீதக் குறைபாடு இருந்தால்தான் இந்த உரிமை உண்டு என்று சொல்ல முடியாது என்று 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் கூறியது. கை நரம்புக் கோளாறினால் எழுத முடியாத ஒருவர், சிவில் சர்வீஸ் பரீட்சையில் தமக்குப் பதிலாக எழுத ஆள் வைத்துக்கொள்ள அனுமதி கேட்ட வழக்கு அது.

புதிதாக வேலை தேடும் பிள்ளைகளுக்கு

குறைபாட்டுடன் வளரும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் இளம் தாய்மார்களுக்கு இந்தப் பகுதி. சர்க்கார் வேலைகளில் 4 சதவீதத்துக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்பது 34-வது பிரிவு. பழைய சட்டத்தில் இது 3 சதவீதம். பார்வைக் குறைபாட்டுக்கு 1, செவிக் குறைபாட்டுக்கு 1, கை கால் குறைபாடு முதலியவற்றுக்கு 1, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து 1. இந்த ஒதுக்கீட்டுக்குத்தான் 40 சதவீதச் சான்றிதழ் அவசியம்.

சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபைன் என்ற பெண்ணை நினைத்துப் பாருங்கள். முழுவதும் பார்வையில்லாத அவர் 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். பார்வையற்ற ஒருவர் அந்தப் பணிக்கு வந்தது அதுவே முதல் தடவை. புத்தகங்களை வாய்விட்டுப் படித்துக் காட்டியவர் வீட்டிலிருந்த அவருடைய அம்மா!

அம்மா என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. மத்தியப் பிரதேசத்தில் பார்வைக் குறையுள்ளவர்கள் நீதிபதி வேலைக்கு வர முடியாதபடி ஒரு விதி இருந்தது. அப்படி வாய்ப்பிழந்த ஒருவரின் தாயார், 2024 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டு விசாரித்தார்கள். 2025 மார்ச் 3-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பார்வையில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் நீதித்துறைப் பணியில் வாய்ப்பை மறுக்கக் கூடாது என்று சொல்லி, அந்த விதியை ரத்து செய்தார்கள். ஒரு தாயின் கடிதம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்!

தனியார் கம்பெனியில் இருந்தால்?

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். மேலே சொன்ன 'வேலையிலிருந்து நீக்கக் கூடாது' என்ற பிரிவும், 4 சதவீத ஒதுக்கீடும் சர்க்கார் நிறுவனங்களுக்குத்தான். அதற்காகத் தனியாரில் இருப்பவர்களுக்கு ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை.

ஒவ்வொரு நிறுவனமும், தனியார் உட்பட, 'சம வாய்ப்புக் கொள்கை' என்ற ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். அதன் நகலை ஆணையரிடம் பதிவு செய்யவும் வேண்டும் என்பது 21-வது பிரிவு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமாக இருந்தால், என்னென்ன வசதிகள், எந்தெந்த வேலைகள், என்ன பயிற்சி, என்ன விசேஷ விடுப்பு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இதைக் கவனிக்கத் தொடர்பு அதிகாரி ஒருவரையும் நியமிக்க வேண்டும். ஆகவே, கணவரோ மகளோ தனியார் கம்பெனியில் வேலை பார்த்தால், "உங்க சம வாய்ப்புக் கொள்கை எங்கே? ஒரு காப்பி கொடுங்க" என்று எழுத்து மூலம் கேட்கலாம். கேட்பவர் இருந்தால்தான் அலமாரியில் இருக்கும் காகிதம் மேஜைக்கு வரும்.

உத்தியோகம் பார்க்கும் அம்மாக்களுக்கு

குறைபாடுள்ள குழந்தையை வளர்த்துக்கொண்டே வேலைக்கும் போகிற பெண்களின் பாடு சொல்லி முடியாது. மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குச் சர்வீஸ் முழுவதற்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. மற்றக் குழந்தைகளுக்கு 18 வயது வரைதான். மாற்றுத்திறன் குழந்தைக்கு வயது வரம்பு இல்லை. அத்தகைய குழந்தையைக் கவனித்துக்கொள்ளும் ஊழியரை வழக்கமான சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்கலாம் என்றும் 2014 ஜூனில் மத்திய அரசு உத்தரவு போட்டது. ஊழியரே மாற்றுத்திறனாளிப் பெண்ணாக இருந்தால், குழந்தை பிறந்ததிலிருந்து 2 வயது வரை மாதம் 3,000 ரூபாய் விசேஷப் படி என்று 2017 ஜூலை முதல் நிர்ணயித்தார்கள். விலைவாசிப் படி ஏறும்போது இதுவும் ஏறும்படி வைத்திருக்கிறார்கள்.

இமாசலப் பிரதேசத்தில் அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியை ஒருவரின் மகனுக்கு எலும்புகள் சுலபமாக முறியும் பிறவி நோய். அடிக்கடி ஆபரேஷன். லீவெல்லாம் தீர்ந்து போய், குழந்தைப் பராமரிப்பு விடுப்புக் கேட்டபோது மாநில அரசு மறுத்தது. 2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், பெண்கள் வேலைக்கு வருவது ஏதோ சலுகை அல்ல, அரசியல் சாசனம் தரும் உரிமை என்று சொல்லி, மாநில அரசு தன் கொள்கையை மறுபரிசீலனை செய்யும்படி உத்தரவிட்டது.

புகார் எங்கே கொடுப்பது?

சர்க்கார் ஆபீஸ் என்றால் அங்கேயே குறைதீர்ப்பு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். புகாரைப் பதிவு செய்து 2 வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். அதில் திருப்தி இல்லையென்றால் மாவட்ட அளவிலான குழுவுக்குப் போகலாம். மாநில ஆணையரிடமும் மனு கொடுக்கலாம். மத்திய அரசு நிறுவனங்களுக்கு டில்லியில் தலைமை ஆணையர் இருக்கிறார். சாட்சியை அழைக்கவும், ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் இவர்களுக்கு சிவில் கோர்ட்டுக்குரிய அதிகாரம் உண்டு. ஆணையர் ஒரு பரிந்துரை செய்தால், சம்பந்தப்பட்ட அலுவலகம் என்ன செய்தது என்பதை 3 மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

"வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது?" என்று மலைக்க வேண்டாம். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக் குழுவில் கேட்டால் போதும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

1. வேலைக்கான ஆர்டர், சம்பளச் சீட்டு, பதவி உயர்வு ஆர்டர், பணிப் பதிவேட்டின் நகல் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, அது இருக்கும் இடத்தை வீட்டில் இருவராவது தெரிந்து வைத்திருங்கள்.

2. ஆஸ்பத்திரிச் சீட்டு, ஸ்கேன், டிஸ்சார்ஜ் காகிதம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நோய் எந்தத் தேதியில் வந்தது என்பதற்கு அவைதாம் சாட்சி.

3. லீவு லெட்டரை நாள் தவறாமல் அனுப்புங்கள். சொல்லாமல் வராமல் இருந்தார் என்ற பெயர் வந்துவிட்டால் நம் பக்கம் பலவீனமாகிவிடும்.

4. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து, மருத்துவச் சான்றிதழுக்கும் யூ.டி.ஐ.டி. என்ற தனித்துவ அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். ஆன்லைனிலும் விண்ணப்பிக்கலாம்.

5. மாற்று வேலை கேட்பதை வாய்வார்த்தையில் விடாமல் எழுதிக் கொடுங்கள். நகலில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் அனுப்புங்கள்.

6. விருப்ப ஓய்வு, ராஜினாமா என்று எந்தக் காகிதம் வந்தாலும் அன்றைக்கே கையெழுத்து வேண்டாம். கொண்டுவந்தவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படுத்துக் கிடப்பவர் மனசு நொந்து, "நான் இனிமே எதுக்கும் லாயக்கில்லை" என்றுதான் சொல்வார். அந்த நிமிஷத்தில் சட்டப் பிரிவைப் பற்றிப் பேசுகிற தெம்பு அவருக்கு இருக்காது. மருந்து வேளையை நாம் நினைவு வைத்துக்கொள்வதைப் போல, 2016 சட்டம், 20-வது பிரிவு என்பதையும் நாம்தான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். பஞ்சாங்கத்துக்குப் பின்னாலோ, பால் கணக்கு நோட்டின் முதல் பக்கத்திலோ இன்றைக்கே குறித்து வையுங்கள். உங்களுக்கு அது தேவைப்படாமலே போகட்டும். பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு நாள் தேவைப்படலாம்.